தப்பு விழுந்த வரி

வைகாசித் திருவிழாவின் ஐந்தாம் நாள் இரவு ஆழ்வார்திருநகரியில் நிற்க இடம் கிடைக்காது. நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பது பேரும் கருடன் மேல் வருவார்கள். நம்மாழ்வார் அன்ன வாகனத்தில் வருவார். அவருடைய சீடர் மதுரகவியாழ்வார் பரங்கி நாற்காலியில் வருவார். தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிற தகப்பன்மார் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று கருடன்களை எண்ணிக் காட்டுவார்கள். ஒன்பது முடிவதற்குள் பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிடும், நமக்குக் கால் கடுக்கும். நாற்காலியில் இருப்பவர் யார் என்று எந்தப் பிள்ளையும் கேட்டு நான் பார்த்ததில்லை. எந்தத் தகப்பனும் தானாகச் சொல்லியும் பார்த்ததில்லை. என் மகனுக்கு நானும் சொன்னதில்லை.

சொல்லியிருக்க வேண்டும். திருக்கோளூர் நமக்கு நடை தூரம். அங்கே பிறந்த மதுரகவி நம்மாழ்வாரைவிட வயதில் மூத்தவர், நிறையப் படித்தவர். வடக்கே அயோத்தி வரை யாத்திரை போனவர், தெற்கே ஓர் ஒளி தெரிய, அதைப் பிடித்துக்கொண்டே வந்து நம் ஊர்ப் புளியமரத்தடியில் நின்றார் என்பது குருபரம்பரை சொல்லும் கதை. மரப்பொந்தில் ஒரு பையன். 16 வருடமாக ஒரு வார்த்தை பேசாதவன். ஊரில் எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்திருப்பார்கள். வந்தவர் ஒரு கல்லைத் தூக்கிக் கீழே போட்டார். சத்தம் கேட்டுக் கண் திறந்தது. ஒரு கேள்வி கேட்டார். வாய் திறந்தது. அதன் பிறகு வந்ததுதான் திருவாய்மொழியும் மற்ற மூன்று பிரபந்தங்களும். மதுரகவி தம் பங்குக்குப் பாடியது பதினொரு பாட்டு, கண்ணிநுண் சிறுத்தாம்பு. பாட்டுடைத் தலைவர் பெருமாள் இல்லை, மதுரகவிக்கு வாத்தியாரான அந்தப் பையன், நம்மாழ்வார்.

இதை ஒரு குருவின் கதையாகவே கேட்டு வளர்ந்தோம். இப்போது எனக்கு இது ஊருக்குச் சொன்ன கதையாகப் படுகிறது. கும்பிட்டவர்கள் முன்னால் அந்தப் பையன் பேசவில்லை. எதிரே உட்கார்ந்து கேட்டவனிடம் பேசினான். நல்ல ஆசிரியர் எங்கிருந்து வருகிறார் என்று யாராவது கேட்டால் நம் ஊரிடம் பதில் இருக்கிறது: கேட்க ஆள் இருக்கும் இடத்திலிருந்து வருகிறார். அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு நாம் செய்தது என்ன, செய்யாமல் விட்டது என்ன என்பதற்கு ஒரு கணக்கு எழுத வேண்டும். "நாம்" என்று எழுதுகிறேன். தப்பிப்பதற்காக இல்லை. இதில் நான் தனியாகச் செய்த பிழை என்று ஒன்றும் இல்லை, எல்லாவற்றிலும் நமக்குப் பக்கத்து வீட்டுத் துணை இருந்தது.

*

மறதி நமக்குப் புதிதும் இல்லை. காட்டுமன்னார்கோயிலில் இருந்து நாதமுனிகள் நம் ஊருக்கு வந்தபோது ஆழ்வாரின் பாசுரங்கள் இங்கே யாருக்கும் நினைவில் இல்லை என்கிறது சம்பிரதாயம். மிஞ்சியிருந்தது மதுரகவியின் பதினொரு பாட்டு மட்டும். அதை 12,000 தரம் சொல்லித்தான் அவர் நாலாயிரத்தையும் மீட்டார். ஆழ்வார் பிறந்த ஊரே ஆழ்வாரின் தமிழைத் தொலைத்திருந்தது. பிறகு படையெடுப்புக் காலத்தில் ஆழ்வாரின் விக்கிரகம் மலையாளக் கரைக்குப் போய், ஊர் காடாகிக் கிடந்தபோது, காடு வெட்டி ஊரைத் திருத்தியவர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த திருவாய்மொழிப்பிள்ளை. அவரிடம் படித்தவர்தான் நம் ஊரில் 1370-ல் பிறந்த மணவாள மாமுனிகள். அதற்குப் பல நூறு வருடம் கழித்து, பத்துப்பாட்டுச் சுவடி தேடி நம் தெருக்களில் நடந்தவர் உ.வே.சாமிநாதையர். கவிராயர்கள் வீட்டுப் பரண்களில் கிடந்த ஏடுகளைக் கேட்டுக் கேட்டு வாங்கிப் பார்த்தார். 1889-ல் பத்துப்பாட்டு அச்சேறியது.

மூன்று தரமும் நம்மிடம் இருந்ததன் அருமையை வெளியூர்க்காரர் வந்துதான் நமக்குக் காட்டினார். நம் பள்ளிக்கூடங்களுக்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் வெளியூரில் இருந்துதான் வருகிறார்கள். அவர்களை நாம் என்ன செய்தோம் என்பதற்கு முன்னால், எனக்கு வாய்த்த ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

*

ஏழாம் வகுப்பு. எங்கள் கணக்கு சார் குரும்பூர்ப் பக்கம் இருந்து சைக்கிளில் வருவார். எனக்கு தசமப் பின்னம் ஏறவே இல்லை. மற்ற வாத்தியார்கள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, மூன்றாம் தரம் பிரம்பை எடுத்தார்கள். இவர் என் நோட்டை வாங்கி, பின்னாலிருந்து முன்னால் புரட்டிக்கொண்டே போனார். போய் ஒரு இடத்தில் விரல் வைத்தார்.

"எந்த எடத்துலடே தொலைச்ச? இங்கனதானா?"

அது தசமமே இல்லை. கழித்தல். 1003-லிருந்து 467. நாலாம் வகுப்பில் படித்திருக்க வேண்டியது. பத்தாம் இடத்தில் பூஜ்யம், நூறாம் இடத்திலும் பூஜ்யம். கடன் கேட்கப் போனால் பக்கத்து வீட்டில் இல்லை, அதற்கு அடுத்த வீட்டிலும் இல்லை. ஆயிரத்தின் வீடு வரைக்கும் போய் வாங்கி வர வேண்டும். நான் பாதி வழியிலேயே கடன் கிடைத்ததாக எழுதி வைத்திருந்தேன். மூன்று வருடமாக யாரும் அதைப் பார்க்கவில்லை.

சார் மேசை இழுப்பறையிலிருந்து தீப்பெட்டிகளை எடுத்தார். ஒவ்வொன்றிலும் பத்துப் புளியங்கொட்டை. பத்துத் தீப்பெட்டி சேர்த்து ரப்பர் போட்டால் நூறு. ஆயிரத்துக்கு ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருந்தார். டப்பாவைத் திறந்து பத்து நூறாக்கினார், ஒரு நூறைப் பிரித்துப் பத்துத் தீப்பெட்டியாக்கினார், ஒரு தீப்பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டையைக் கொட்டினார். மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்புக்காரர் வாசலில் நின்றார். "ரெண்டு நிமிசம் சார்" என்று சொல்லிவிட்டு என்னையே செய்யச் சொன்னார். 536 வந்தது.

அவரிடம் இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று, கணக்குத் தப்பினால் முழுவதையும் அழிக்க விட மாட்டார். "தப்பு விழுந்த வரி எது? அதுக்குக் கீழ கோடு போடு. அங்கருந்து செய்." அழித்தால் தப்பு எங்கே விழுந்தது என்பது தெரியாமல் போய்விடும் என்பார். இன்னொன்று, கழித்தலில் ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் கடன் வாங்க மறப்பதில்லை, கொடுத்த வீட்டில் ஒன்றைக் குறைக்கத்தான் மறக்கும் என்பார்.

நல்ல ஆசிரியருக்கு இலக்கணம் கேட்டால் நான் இந்த ஒரு பீரியடைத்தான் சொல்வேன். பாடத்தை நன்றாகச் சொல்கிறவர்கள் நிறைய உண்டு. பிள்ளை எந்த இடத்தில் தொலைத்தது என்று பின்னோக்கிப் போய்த் தேடுகிறவர் அபூர்வம். அதற்கு மூன்று வேண்டும். பாடம் அத்துப்படியாக இருக்க வேண்டும், பிள்ளையை நம்ப வேண்டும், இரண்டு நிமிஷம் அதிகமாக எடுத்துக்கொள்ள அவருக்கு ஓய்வு இருக்க வேண்டும். முதல் இரண்டும் அவருடைய பொறுப்பு. மூன்றாவதை நாம்தான் தர வேண்டும், நாம்தான் பிடுங்கினோம்.

சார் ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து, அவர் இறந்த செய்தி எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டே இருந்தன. வீட்டுக்குப் போனவர்கள் நாலு பேர். கடைசி மூன்று வருடம் சாருக்குக் கண் தெரியவில்லை என்பது அங்கே போய்த்தான் எங்களுக்குத் தெரிந்தது. பேப்பர் வாசித்துக் காட்ட ஆள் இல்லை என்று வருத்தப்படுவாராம். அவரிடம் படித்த நாற்பது பேருக்கு மேல் அதே பஸ் ரூட்டில் இருக்கிறோம். கடன் வாங்கியதெல்லாம் நினைவிருக்கிறது. கொடுத்த வீட்டில் ஒன்று குறைந்ததை யாரும் எழுதவில்லை.

*

இனி நம் நோட்டைப் பின்னாலிருந்து புரட்டலாம்.

2024 ஏப்ரல் 19, நாடாளுமன்றத் தேர்தல். எனக்கு வாக்குச்சாவடி ஒரு தொடக்கப் பள்ளி. வரிசையில் நின்றபோதுதான் கவனித்தேன், அந்தக் கட்டடத்துக்குள் நான் போவது தேர்தலுக்குத் தேர்தல், ஓட்டுப் போட மட்டும். சுவரில் பதிவு, வருகை எழுதும் பலகை. ஐந்து வகுப்புக்கும் சேர்த்துக் கூட்டினாலும், என் காலத்தில் ஒரு வகுப்பில் இருந்த தலைகள் வரவில்லை. இன்னொரு சுவரில் வண்ணத்தாளில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கூட்டம் பிரித்து எழுதியிருந்தது. 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அவர்கள் நிற்கிற படியைப் பார்த்துப் பிரிக்கிற முறை. கரும்பலகையில் பாதியில் நின்ற ஒரு கழித்தல் கணக்கு. ஓட்டு இயந்திரத்தை மறைக்க வைத்த அட்டை அந்தக் கணக்கின் மேல் பாதியை மறைத்திருந்தது.

எனக்குப் பின்னால் நின்றவர் சொன்னார்: "ரெண்டே ரெண்டு டீச்சரு. அஞ்சு கிளாஸு. என்னத்தப் படிக்கும் புள்ளைய?"

நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. 2009-ம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 60 பிள்ளைகள் வரை இருந்தால் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். 61 ஆனால் மூன்று. அதாவது, எத்தனை டீச்சர் இருக்க வேண்டும் என்பதைச் சென்னையில் இருந்து ஒருவர் முடிவு செய்வதற்கு முன்னால், காலை எட்டு மணிக்கு மஞ்சள் வேன் வரும் தெருமுனையில் நாம் முடிவு செய்கிறோம். என் மகன் வேனில் போனான். பின்னால் நின்றவரின் பேத்தி வேனில் போகிறாள். பிள்ளைகளை வெளியே எடுத்தோம், எண்ணிக்கை விழுந்தது, ஆசிரியர் குறைந்தார், பிறகு அதே ஆசிரியர் குறைவைக் காட்டி நம் முடிவு சரிதான் என்று சொல்லிக்கொண்டோம். தப்பு விழுந்த முதல் வரி இது.

வேன் போகும் பள்ளியிலாவது ஆசிரியரை மதித்தோமா என்றால் அதுவும் இல்லை. 2020-ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு தனியார் பள்ளி டீச்சருக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. அவர் ஜவுளிக் கடையில் நின்று புடைவை எடுத்துப் போட்டார். அங்கே போய் விலை பேசியவர்களில் அவரிடம் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்களும் உண்டு. ஃபீஸ் கட்டாமல் இழுத்தடித்தது பள்ளி நிர்வாகத்தின் மேல் இருந்த கோபம் என்று நாம் நினைத்தோம். அது யார் வீட்டு உலையில் போய் விழுந்தது என்று பார்க்கவில்லை.

*

இரண்டாவது வரி என் சொந்த வீட்டு மாடியில் இருக்கிறது. மாடிப் போர்ஷன் காலியாக இருந்த ஒரு ஜூன் மாதம், புதிதாக மாறுதலில் வந்த ஒரு டீச்சர் வாடகைக்குக் கேட்டு வந்தார். அம்மா காபி கொடுத்தார். சொந்த ஊர் கேட்டார். பிறகு, "அங்கன எந்தப் பக்கம்?" என்று கேட்டார். இந்தப் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்பது கேட்டவருக்கும் தெரியும், கேட்கப்பட்டவருக்கும் தெரியும். டீச்சர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தெரு பெயரைச் சொன்னார். "மாடியில கொஞ்சம் மராமத்து வேலை இருக்கு, முடிஞ்சதும் சொல்லுதேன்" என்று அம்மா சொன்னார். நான் திண்ணையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். மராமத்து ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். பேப்பரைத் தாழ்த்தவில்லை.

அவர் இன்னும் மூன்று வீட்டில் கேட்டுப் பார்த்துவிட்டு, திருநெல்வேலியில் இருந்தே திருச்செந்தூர் பாசஞ்சரில் வந்து போக ஆரம்பித்தார். அதற்கும் நாம் ஒரு பேச்சு வைத்திருந்தோம்: "மணி அடிக்கதுக்குள்ள பையத் தூக்கிட்டு ஸ்டேசனுக்கு ஓடுதாவ. இவியளுக்குப் புள்ளைய மேல அக்கறை எங்கன வரும்?" ஊரில் தங்க இடம் கொடுக்காத வாய்தான் இதைச் சொன்னது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆற்றங்கரையில் ஒரு பிள்ளையைப் பார்த்து "நாளைக்கு வீட்டுப்பாடம் முடிச்சிட்டியா?" என்று கேட்கும் டீச்சர் ஊரில் இருந்திருப்பார். நாம் ரயிலுக்கு அனுப்பினோம்.

அதே "எந்தப் பக்கம்" பள்ளிக்கூடத்துக்குள்ளும் போயிருக்கிறது, பிள்ளைகளின் மணிக்கட்டில் கலர் கலரான ஜாதிக் கயிறாக. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து வெட்டியவர்கள் அவன் பள்ளித் தோழர்கள். அரசு, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒரு குழு போட்டது. 2024 ஜூனில் வந்த அறிக்கை கயிறும் மோதிரமும் பள்ளிக்கு வேண்டாம் என்றது. ஜாதி காரணம் என்று சொல்லப்படாவிட்டாலும், 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் வகுப்பறையிலேயே கூடப் படிப்பவனை அரிவாளால் வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று நாம் மேடைக்கு மேடை சொல்லும் ஊரில்.

ஆசிரியர்கள் கண்டிப்பதில்லை என்று இப்போது குறைப்படுகிறோம். கயிற்றைக் கழற்றச் சொன்ன ஒரு பி.டி. சாரைத் தேடி, எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கு இரண்டு ஆட்டோவில் ஆள் போனது. "எங்க புள்ள கையத் தொட நீ யாரு?" என்று கேட்டவர்களில் ஒருவர், அந்தப் பையனின் அப்பா, என்கூடப் படித்தவர். அன்று நான் அவருக்குப் போன் செய்து "ஏம்டே இப்படிச் செஞ்ச?" என்று கேட்டிருக்கலாம். அடுத்த வாரம் அவர் வீட்டு விசேஷம் இருந்தது. கேட்கவில்லை. அந்த சார் அதற்குப் பிறகு யார் கையையும் பார்ப்பதில்லை. வருகைப் பதிவு எடுக்கிறார், விசில் ஊதுகிறார், போகிறார். அவர் வாயை மூடியவர்களில் ஆட்டோவில் போனவர்களோடு என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

*

மூன்றாவது வரி, நம் வாய்ச்சொல். "வாத்தியாருக்கு என்ன, மாசம் பொறந்தா சொளையா வருதுல்லா."

எந்த வாத்தியாருக்கு என்று நாம் கேட்டதே இல்லை. 2012-ல் ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி சொல்லித்தர 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். தொகை பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்ற கதை தொடர்ந்தது. 2009 ஜூன் 1-லிருந்து வேலைக்கு வந்த இடைநிலை ஆசிரியருக்கு, ஒரு நாள் முன்னால் சேர்ந்தவரைவிடக் குறைந்த அடிப்படைச் சம்பளம். சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு அவர்கள் சென்னையில் தரையில் உட்காரும்போது, டிவியில் பார்த்துவிட்டு "லீவு போட்டுப் போராட்டம்" என்று சானலை மாற்றினோம்.

அவர்கள் நேரத்தைத் தின்பது என்ன என்றும் கேட்கவில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் நாலு பேர் கூடினால் பத்து நிமிஷத்துக்குள் 'எமிஸ்' என்ற சொல் வந்துவிடும். பிள்ளையின் வருகை, சீருடை அளவு, கொடுத்த செருப்பு, எடுத்த தேர்வு எல்லாம் செல்போன் வழியாக அரசின் அந்தக் கல்வித் தகவல் தளத்தில் ஏற வேண்டும். சிக்னல் இல்லாத வகுப்பறையில் ஜன்னலோரம் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கும் டீச்சரைப் பார்த்து, "எந்நேரமும் போனு" என்று சொன்னோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு ஆசிரியரைத் தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் தவிர வேறு கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. அந்த மூன்றுமே இந்தச் சில வருடத்தில் வரிசையில் நிற்கின்றன. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்குப் படிவத்தோடு நம் வாசலுக்கு வந்தவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். என் வீட்டுக்கு மூன்று தரம் வந்தார் ஒருவர். இரண்டு தரம் "போட்டோ எடுக்கல, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பினேன். மூன்றாம் தரம் வந்தபோது அவர் வகுப்பு என்ன ஆகிறது என்று கேட்கலாமே என்று தோன்றியது. வெயிலாக இருந்தது, தண்ணீர் கொடுத்தேன். அதோடு சரி.

2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், எப்போது பணிக்குச் சேர்ந்திருந்தாலும், இரண்டு வருடத்துக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். அந்தத் தேர்வை விதியாக்கியதே 2010-ல்தான். இருபத்தைந்து வருடம் பாடம் நடத்தியவர் மறுபடி கைடு வாங்கினார். தேர்வு வேண்டுமா வேண்டாமா என்பதில் நியாயம் இரண்டு பக்கமும் இருக்கும். நான் சொல்ல வருவது வேறு. நாலு நாள் கழித்து, செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, ரோஜாப்பூப் படம் போட்டு வாழ்த்து அனுப்பினோம். அனுப்பிய ஒருவராவது "சார், இந்தத் தீர்ப்பு உங்களைத் தொடுதா?" என்று கேட்டிருந்தால், அதுவே வாழ்த்தாக இருந்திருக்கும்.

அதற்கு முன்னால், 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோன திருச்செந்தூர் எக்ஸ்பிரஸை நாடே பார்த்தது. இறங்கிய பயணிகளில் ஒரு பகுதியினருக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம்தான் கூரை. நம் பகுதியில் தண்ணீர் வடிந்த பிறகு, நாம் மெத்தையையும் ஃப்ரிட்ஜையும் காயப்போட்டுக்கொண்டிருந்த வேளையில், ஒரு பள்ளி வராந்தாவில் இரண்டு டீச்சர்கள் வருகைப் பதிவேட்டை ஏடு ஏடாகப் பிரித்துக் காயப்போட்டதைப் பார்த்தேன். சேற்றில் ஊறிய தாள், பிரித்தால் கிழியும். ஒருவர் ஈர்க்குச்சியால் மெல்ல நெம்ப, இன்னொருவர் ஊதினார். உ.வே.சா. ஏடு பிரித்த ஊரில் அது நடந்தது. நான் பைக்கில் போய்க்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

*

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை நானே பல தரம் சொல்லியிருக்கிறேன். எல்லா ஆசிரியரும் யோக்கியமா? வட்டிக்கு விடுகிறவர் இல்லையா, பிளாட் விற்கிறவர் இல்லையா, வகுப்பில் ஜாதி பார்க்கிறவர் இல்லையா, வருடக் கணக்கில் ஒரே நோட்ஸை ஒப்பிக்கிறவர் இல்லையா? இருக்கிறார்கள். என்னைப் பிரம்பால் அடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனவர்களும் அந்த ரகம்தான். ஆனால், அப்படிப்பட்ட ஒருவரைக் கூட நாம் நேரே போய்க் கேட்டதில்லை. அவர் நமக்கு வசதியாக இருந்தார். பத்துப் பேரில் ஒருவரைக் காட்டி மற்ற ஒன்பது பேரிடமும் போகாமல் இருக்க அவர் உதவினார்.

நம் ஊரில் பிரபந்தம் சொல்லித்தரும் முறைக்குச் சந்தை என்று பெயர். ஆசிரியர் ஒரு தரம் சொல்வார், எதிரே உட்கார்ந்தவர்கள் இரண்டு தரம் திருப்பிச் சொல்வார்கள். சொல்கிறவருக்கு ஒரு பங்கு உழைப்பென்றால் கேட்கிறவருக்கு இரண்டு பங்கு. அந்தக் கணக்கை வைத்துத்தான் வாய்வழியாகவே ஒரு மொழிச் செல்வம் நின்றது. பள்ளிக்கூட விஷயத்தில் நாம் கணக்கைத் தலைகீழாக்கினோம். ஆசிரியர் எல்லாம் செய்ய வேண்டும், ஊர் மார்க் ஷீட் வாங்க வரும்.

*

கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை. தமிழ்நாட்டில் 2022-ல் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். 2024-ல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வைத்தார்கள். நமக்கென்று போட்ட நாற்காலி. கூட்டம் என்றால் கையெழுத்து வாங்க நோட்டு வீட்டுக்கு வரும் என்றுதான் நம்மில் பலருக்குப் பழக்கம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நான் ஓட்டுப் போடும் அந்தத் தொடக்கப் பள்ளிக்கு மூன்று பேர் போனோம். ஓட்டுப் போடாத நாளில் அந்தக் கட்டடத்துக்குள் நான் நுழைந்தது அதுதான் முதல் தரம். ஹாலில் ஐந்து வகுப்பும் ஐந்து வட்டமாகத் தரையில் இருந்தன. தலைமையாசிரியை ஒரு வட்டத்தில் உட்கார்ந்திருந்தவர், எங்களைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து, "என்ன பிரச்சினை சார்?" என்றார்.

பிரச்சினை ஒன்றும் இல்லை என்று சொல்லி அவரை நம்பவைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஊரிலிருந்து ஆள் வந்தால் புகாராகத்தான் இருக்கும் என்பதை அவருக்கு நாம் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். பிறகு, வரும்போதே பேசி வைத்திருந்தபடி, எங்களில் மூத்தவர் கேட்டார்: "டீச்சர், உங்களுக்கு நாங்க என்ன செய்யணும்?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஃபேன், பெயின்ட், வாட்டர் ஃபில்டர் என்று ஏதாவது சொல்வார், வசூல் பண்ணிக் கொடுத்துவிட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று நாங்களும் தயாராகத்தான் இருந்தோம். அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பார்த்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"சார் பேரப்பிள்ளை அடுத்த வருஷம் ஒண்ணாப்பு தானே? இங்க சேர்த்துவிடுங்க சார்."

ஆழ்வார் 16 வருடம் பேசாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. நாங்கள் மூன்று பேரும் பேசாமல் நின்றதற்கும் காரணம் உண்டு, அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. மூத்தவர் தொண்டையைச் செருமினார். வீட்டில் மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மாடியில் மராமத்து வேலை இருக்கிறது என்று அம்மா சொன்ன அதே குரல்.

வெளியே வரும்போது ஒரு வட்டத்தில் ஒரு பையன் நோட்டில் எதையோ ரப்பரால் அழி அழியென்று அழித்துக்கொண்டிருந்தான். குனிந்து பார்த்தேன். கழித்தல். "முழுசையும் அழிக்காதடே. எந்த வரியில தப்பு, பாரு" என்றேன். அவன் விரல் வைத்தான். பென்சிலை வாங்கி அதற்குக் கீழே ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன்.

நமக்கும் அவ்வளவுதான் இப்போதைக்கு. கோடு போட்டிருக்கிறது. அதற்குக் கீழே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.